தேய்ந்த சாவிக்குப் புதுச்சாவி

எங்கள் வாசல் பூட்டு ஷ்லேக் என்ற நிறுவனத்துடையது. பழைய சாவி தேய்ந்துபோய், ஆட்டி ஆட்டித்தான் திறக்கும். கடையில் போட்ட நகலும் அப்படியே. இயந்திரம் தேய்மானத்தையும் சேர்த்தல்லவா நகலெடுக்கிறது!

வெர்னியர் காலிப்பரால் பழைய சாவியின் ஐந்து வெட்டுகளின் (பல்வரிசைப் பள்ளங்களின்) அடியிலும் மிச்ச உயரத்தை அளந்தேன். இந்தப் பூட்டில் வெட்டின் ஆழத்துக்கு 0 முதல் 9 வரை எண்: 0 என்றால் 0.335 அங்குலம், ஒவ்வோர் எண்ணுக்கும் 0.015 குறையும். நான்கு வெட்டுகள் உடனே பிடிபட்டன. மூன்றாவது மட்டும் 0.298. 2-க்கு 0.305, 3-க்கு 0.290, நடுவில் நிற்கிறது. தேய்ந்தால் உயரம் குறையுமே தவிர கூடாது. ஆகவே 2.

வெற்றுச்சாவியை, அதாவது இன்னும் வெட்டு போடாத சாவியை, அந்த எண்களின் உயரத்துக்கு ஊசி அரத்தால் ராவினேன், நாலு இழுப்புக்கு ஒருமுறை அளந்து அளந்து. ஆழம் கூடிவிட்டால் சாவி வீண். அன்று இரவு அம்மா ஒரே திருப்பில் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.