நிக்ஸ்ஓஎஸ்ஸில போஸ்ட்கிரெஸ் சேர்வர் போடுறது எப்பிடி: குளத்துக் கணக்கோட ஒரு செய்முறை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் கன கமக்காரர் அமைப்புகளிலயும் சங்கங்களிலயும் கணக்கு இன்னும் கொப்பியிலயோ ஒரு எக்செல் பைலுக்கயோதான் கிடக்கு. அந்தக் கொம்பியூட்டரை செட் பண்ணின பெடியன் வெளிநாடு போயிட்டா, பிறகு அதுக்க என்ன இன்ஸ்டோல் பண்ணிக் கிடக்கு, எந்த செட்டிங்கை எங்க மாத்தினது எண்டு கேக்க ஆள் இல்லை. நிக்ஸ்ஓஎஸ் எண்ட லினக்ஸை நான் எல்லாருக்கும் சொல்லுறதுக்கு அதுதான் காரணம். இதில முழு செட்டப்பும் ஒரே பைலில எழுதிக் கிடக்கும், அடுத்து வாற ஆள் அதை வாசிச்சாலே காணும். அந்த நிக்ஸ்ஓஎஸ்ஸில போஸ்ட்கிரெஸ்கியூஎல் (சுருக்கமா போஸ்ட்கிரெஸ்) எண்ட டேட்டாபேஸை எழுப்புறது எப்பிடி எண்டு, ஒரு குளத்தின்ர கமக்காரர் கணக்கை உதாரணமா வச்சுப் பாப்பம்.

தொடங்க முதல் ஒண்டு. கட்டளைகளை நான் உச்சரிப்புக்குத் தமிழ் எழுத்தில எழுதுறன், நீங்கள் தட்டேக்க ஆங்கில எழுத்தில தட்டுங்கோ. எல்லாம் சின்ன எழுத்து, ரெண்டு சொல் ஒட்டி வாற இடத்தில மட்டும் மற்றச் சொல்லின்ர முதல் எழுத்து பெரிசு, டிபி, டிசிபி, ஐபி எண்ட சுருக்கங்கள் முழுக்கப் பெரிய எழுத்து. வரி முடிவில அரைப்புள்ளி விடுபட்டா பில்ட் ஆகாது, அதில கவனமா இருங்கோ.

முதலாவது: பைலைத் திறக்கிறது

நிக்ஸ்ஓஎஸ் ஏற்கனவே போட்டிருக்கிறியள் எண்டு வச்சுக்கொண்டு சொல்லுறன். போடாட்டி மினிமல் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டோல் பண்ணுற பைல்) எடுங்கோ, கிராபிக்கல் ஐஎஸ்ஓவை விட அது சின்னன், போன் டேட்டாவில இறக்கிற ஆக்களுக்கு அதுதான் நல்லம். பைல் இருக்கிற இடம் /ஈடிசி/நிக்ஸ்ஓஎஸ்/கொன்பிகரேஷன்.நிக்ஸ். சூடோ நேனோ எண்டு போட்டு அதைத் திறந்து, கடைசி அடைப்புக்கு முதல் இதை எழுதுங்கோ:

சேர்விசஸ்.போஸ்ட்கிரெஸ்கியூஎல் = {
எனேபிள் = ட்ரூ;
பக்கேஜ் = பிகேஜிஎஸ்.போஸ்ட்கிரெஸ்கியூஎல்_16;
என்ஷுவர்டேட்டாபேசஸ் = [ "குளம்" ];
என்ஷுவர்யூசர்ஸ் = [ { நேம் = "குளம்"; என்ஷுவர்டிபிஓனர்ஷிப் = ட்ரூ; } ];
};
யூசர்ஸ்.யூசர்ஸ்.குளம்.இஸ்நோர்மல்யூசர் = ட்ரூ;

பக்கேஜ் வரியை விட்டாலும் வேலை செய்யும், ஆனா விடாதேங்கோ. அதை எழுதாட்டி ஸ்டேட்வேர்ஷன் எண்டு கீழ ஒரு வரி கிடக்கே, அதைப் பாத்துத்தான் எந்த போஸ்ட்கிரெஸ் எண்டு சிஸ்டம் முடிவெடுக்கும், பிறகு ஆரும் அப்டேட் எண்டு நினைச்சு அந்த வரியை மாத்திப்போட்டா சிக்கல். யூசற்ற பேரும் டேட்டாபேசின்ர பேரும் ஒண்டா இருக்கிறதும் சும்மா இல்லை, ஓனர்ஷிப் வரி வேலை செய்ய அது ஒண்டாத்தான் இருக்க வேணும்.

சேவ் பண்ணிப்போட்டு: சூடோ நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்ட் சுவிட்ச். தேவையானதை நெட்டில இருந்து அதுவே எடுக்கும், லைன் ஸ்லோ எண்டா கொஞ்சம் பொறுக்க வேணும். முடிஞ்சதும் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் போஸ்ட்கிரெஸ்கியூஎல் எண்டு அடிச்சா ஆக்டிவ் எண்டு பச்சையில வரும். வராட்டி ஜேர்னல்சிடிஎல் -யூ போஸ்ட்கிரெஸ்கியூஎல் எண்டு அடிச்சு கடைசி வரியளை வாசியுங்கோ, காரணம் அனேகமா அங்க எழுதிக் கிடக்கும்.

இரண்டாவது: உள்ள போறது

சூடோ -யூ குளம் பிஎஸ்கியூஎல். பாஸ்வேர்ட் கேக்காது, பயப்பிடாதேங்கோ. அதே கொம்பியூட்டருக்க இருந்து வாற ஆளை, லினக்ஸ் யூசரும் டேட்டாபேஸ் யூசரும் ஒரே பேர்தானோ எண்டு பாத்து விடுற முறை இது, பீர் எண்டு சொல்லுவினம். வெளியில இருந்து ஒருத்தரும் இப்ப வர ஏலாது.

இனி டேபிள். கீவேர்டுகள் (கிரியேட் டேபிள் மாதிரிக் கட்டளைச் சொல்லுகள்) ஆங்கிலத்தில வேணும், ஆனா டேபிள் பேரையும் கொலம் பேரையும் உண்மையாவே தமிழ் எழுத்தில வைக்கலாம், போஸ்ட்கிரெஸ் ஏற்கும். ஒரு பேருக்கு 63 பைட்தான் எல்லை, தமிழில எழுத்துக்கு 3 பைட், புள்ளியும் கொம்பும் அரவும் தனித்தனியா எண்ணுப்படும், அதால பேரைக் கட்டையா வையுங்கோ.

கிரியேட் டேபிள் கமக்காரர் (இலக்கம் இன்டிஜர் பிரைமரி கீ, பெயர் டெக்ஸ்ட் நொட் நல்);
கிரியேட் டேபிள் செய்கை (ஆள் இன்டிஜர் ரெபரென்சஸ் கமக்காரர், வாய்க்கால் டெக்ஸ்ட், போகம் டெக்ஸ்ட், ஏக்கர் நியூமெரிக்);

ஏன் ரெண்டு டேபிள்? இரணைமடு மாதிரிக் குளத்தில சிறுபோகத்துக்கு இருக்கிற தண்ணியைப் பாத்துக் கூட்டத்திலதான் எவ்வளவு ஏக்கர் எண்டு முடிவெடுப்பினம், காலபோகத்தில செய்த அளவு சிறுபோகத்தில வராது. போகத்துக்குப் போகம் ஏக்கர் மாறும், ஆள் மாறாது. அதால ஆளை ஒருக்கா எழுதுறம், செய்கையை ஒவ்வொரு போகமும் எழுதுறம், ரெண்டையும் அங்கத்துவ இலக்கம் இணைக்குது. ரெபரென்சஸ் எண்ட அந்த ஒரு சொல்லுக்காகவே எக்செல்லை விட்டிட்டு இதுக்கு வரலாம்: கமக்காரர் டேபிளில இல்லாத இலக்கத்துக்கு ஏக்கர் பதிய வெளிக்கிட்டா சேர்வரே மறிச்சுப்போடும், ஒரே பேரில ரெண்டு பேர் இருந்தாலும் தண்ணிப் பங்கு மாறிப் போகாது.

பேர்களை அடுக்கேக்க ஒரு விசயம். வெறும் யூனிகோட் இலக்க வரிசையில ந-வுக்குப் பிறகு ன வந்து அதுக்குப் பிறகுதான் ப, ம எல்லாம் வரும், அப்ப கனகம் முன்னுக்கும் கமலம் பின்னுக்கும் நிக்கும். எங்கட வரிசையில வர இப்பிடி: செலக்ட் பெயர் ஃப்ரொம் கமக்காரர் ஓர்டர் பை பெயர் கொலேட் "டிஏ-எக்ஸ்-ஐசியு"; எண்டு அடியுங்கோ, இதில கமலம் முதல், ஜெயம் மாதிரிப் பேர்கள் ன-வுக்கும் பிறகு.

மூண்டாவது: மற்றக் கொம்பியூட்டரில இருந்து வாறது

ஒரு கொம்பியூட்டர்தான் எண்டா இதை விட்டிட்டு அடுத்ததுக்குப் போங்கோ. லேனில (ஒபிஸுக்க இருக்கிற நெட்வேர்க்கில) இருக்கிற மற்ற மெஷினும் வரவேணும் எண்டா, முதல் எழுதின அந்த அடைப்புக்க எனேபிள்டிசிபிஐபி = ட்ரூ; எண்டும், ஓதென்டிகேஷன் = "ஹோஸ்ட் குளம் குளம் 192.168.1.0/24 ஸ்க்ராம்-ஷா-256"; எண்டும் போடுங்கோ, அடைப்புக்கு வெளியில நெட்வேர்க்கிங்.பயர்வோல்.அலவ்ட்டிசிபிபோர்ட்ஸ் = [ 5432 ]; எண்டு திறந்து விட்டிட்டுத் திரும்ப ரீபில்ட் பண்ணுங்கோ. பாஸ்வேர்டை மட்டும் அந்த பைலில எழுதவே எழுதாதேங்கோ. அதில எழுதினது /நிக்ஸ்/ஸ்டோருக்க போகும், அதை மெஷினில இருக்கிற ஆரும் வாசிக்கலாம். பிஎஸ்கியூஎல்லுக்க போய் \பாஸ்வேர்ட் எண்டு அடிச்சு வையுங்கோ.

நாலாவது, இதுதான் முக்கியம்

நிக்ஸ்ஓஎஸ்ஸில ரீபில்ட் பிழைச்சா பழைய ஜெனரேஷனுக்கு (முந்தின ரீபில்ட்டின்ர செட்டப்புக்கு) திரும்பலாம், பூட் மெனுவிலயே தெரியும். ஆனா திரும்பிறது செட்டிங் மட்டும்தான். உங்கட டேட்டா /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/16 எண்ட போல்டருக்க தனியாக் கிடக்கு, ஆரும் டிலீட் பண்ணின வரியள் ரோல்பேக்கால திரும்பி வராது. அதே மாதிரி, பைலில இருந்து டேட்டாபேஸ் பேரை எடுத்தாலும் டேட்டாபேஸ் அழியாது. நாளைக்கு பக்கேஜ் வரியில 16 ஐ 17 எண்டு மாத்தினா புது வெறும் போல்டர் ஒண்டில தொடங்கும், எல்லாம் போயிட்டுது எண்டு பதறாதேங்கோ, பழசு 16 எண்ட போல்டரிலயே இருக்கு, வரியைத் திரும்ப 16 ஆக்கினா வரும். மாத்த முதல் பிஜி_டம்போல் எண்ட கட்டளையால எல்லா டேட்டாவையும் ஒரு பைலில எடுத்து வச்சா ஒரு கவலையும் இல்லை.

கரண்ட் திடீரெண்டு நிண்டா? கொமிட் ஆன (பதிஞ்சு முடிஞ்ச) வரியை போஸ்ட்கிரெஸ் முதல் வால் எண்ட லொக்கில (பதிவேட்டில) எழுதித்தான் ஓகே சொல்லும், திரும்ப ஓன் பண்ணேக்க அதில இருந்து தானே சரிப்படுத்தும். ஸ்பீட் கூடும் எண்டு எஃப்சிங்கை (எழுதினதை உண்மையாவே டிஸ்க்கில பதிய வைக்கிற செட்டிங்) ஓஃப் பண்ணச் சொல்லி ஆரும் சொன்னா கேக்காதேங்கோ, இந்தப் பாதுகாப்பே அதிலதான் தங்கி நிக்குது. ஆனா ஹார்ட்டிஸ்க்கே செத்தா வாலும் உதவாது, அதுக்குத்தான் பேக்கப், இதையும் அதே பைலில எழுதி ரீபில்ட் பண்ணுங்கோ:

சேர்விசஸ்.போஸ்ட்கிரெஸ்கியூஎல்பேக்கப் = {
எனேபிள் = ட்ரூ;
டேட்டாபேசஸ் = [ "குளம்" ];
ஸ்டார்ட்அட் = "*-*-* 12:30:00";
};

ஸ்டார்ட்அட் எழுதாட்டி இரவு 1:15க்குத்தான் ஓடும், அந்த நேரம் ஒபிஸ் பூட்டி மெஷினும் ஓஃப். அதால ஆக்கள் இருக்கிற பகல் நேரத்தைப் போடுங்கோ. பேக்கப் /வார்/பேக்கப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல் போல்டருக்க விழும், அதை கிழமைக்கு ஒருக்காவாவது பென்ட்ரைவில எடுங்கோ, கொன்பிகரேஷன் பைலையும் அதோட சேத்து எடுங்கோ, அந்த பென்ட்ரைவை வேற ஒரு வீட்டில வையுங்கோ.

பேக்கப் சரியோ எண்டு பாக்க வேற ஒரு பழைய மெஷினில நிக்ஸ்ஓஎஸ் போட்டு, மேல சொன்ன வரியளை அந்த மெஷினின்ர பைலில சேத்து ரீபில்ட் பண்ணுங்கோ, முதல் மெஷினின்ர ஹார்ட்வேர் பைலை (ஹார்ட்வேர்-கொன்பிகரேஷன்.நிக்ஸ்) மட்டும் இதுக்குக் கொண்டுவராதேங்கோ, அது ஒவ்வொரு மெஷினுக்கும் வேற. பிறகு பென்ட்ரைவை மவுன்ட் பண்ணி, அந்த போல்டருக்க நிண்டுகொண்டு: இசட்கேட் குளம்.எஸ்கியூஎல்.ஜிஇசட் | சூடோ -யூ போஸ்ட்கிரெஸ் பிஎஸ்கியூஎல். டேட்டாபேஸ் ஏற்கனவே இருக்கு எண்டு ஒரு எரர் வரும், அது பரவாயில்லை, மிச்சம் ஓடும். கடைசியா செலக்ட் கவுன்ட்(*) ஃப்ரொம் செய்கை; எண்டு ரெண்டு மெஷினிலயும் அடிச்சுப் பாருங்கோ, பேக்கப் எடுத்த பிறகு புதுசா ஒண்டும் பதியாட்டி ரெண்டிலயும் ஒரே எண்ணிக்கை வரவேணும்.