ஏடிவி வண்டியில் பம்பும் விளக்கும் ஓட வேண்டும், பேட்டரியும் இறங்கக் கூடாது: மின் இணைப்பு கொடுக்கும் முறை

பெங்களூரு அல்சூரில் குடியிருந்தாலும் வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் ஆனேக்கல் பக்கம் உள்ள என் மாமாவின் ரோஜாத் தோட்டத்துக்குப் போய்விடுவேன். மருந்துத் தொட்டியை ஏற்றிக்கொண்டு பாத்திகளுக்கு நடுவே போவதற்கு அங்கே கரடுமுரடான நிலத்தில் ஓடும் நான்கு சக்கர ஏடிவி வண்டி ஒன்று இருக்கிறது. அதில் 12 வோல்ட் தெளிப்பு பம்பு ஒன்றையும், விடியற்காலைப் பனியில் வழி தெரிவதற்காக 60 வாட் எல்இடி பார் (நீள விளக்கு) ஒன்றையும் நானே பொருத்தினேன். நான்காம் நாள் காலையில் சாவியைத் திருப்பியபோது ஸ்டார்ட்டர் ரிலே ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டதே தவிர, எஞ்சின் சுழலவில்லை. மல்டிமீட்டரில் பார்த்தால் 11.6 வோல்ட். பேட்டரி வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கடைக்காரர் பெரிய பேட்டரி போடச் சொன்னார். அது தீர்வல்ல. பேட்டரி என்பது தொட்டி. எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஸ்டேட்டர்தான் ஊற்று. ஊறுவதைவிட அதிகமாக இறைத்தால், தொட்டி எவ்வளவு பெரிதானாலும் ஒரு நாள் வற்றத்தான் செய்யும்.

முதல் படி: காகிதக் கணக்கு

வண்டியின் கையேட்டில் ஸ்டேட்டரின் திறன் வாட் கணக்கில் இருக்கும். அது எஞ்சினின் நிமிடத்துக்கு எத்தனை சுழற்சியில் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வண்டிக்கு 5000 சுழற்சியில் 500 வாட். இதில் வண்டியின் சொந்தத் தேவை முதலில் கழிய வேண்டும். எரிபொருள் பம்பு, இன்ஜெக்‌ஷன், இக்னிஷன் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 90 வாட். சாவி போட்டவுடன் எரியும் இரண்டு 55 வாட் ஹாலஜன் விளக்குகளுக்கு 110. ரேடியேட்டர் விசிறி சுழலும்போது இன்னும் 100. மீதமிருப்பது 200 வாட். தெளிப்பு பம்பு 7 ஆம்பியர், அதாவது 95 வாட். எல்இடி பாருடன் சேர்த்தால் 155. காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது.

இரண்டாம் படி: ஐடிலிங்கில் அளந்து பார்ப்பது

நான் தவறவிட்ட படி இதுதான். மருந்து அடிக்கும்போது வண்டி 5000 சுழற்சியில் ஓடுவதில்லை. பாத்தி பாத்தியாக நின்று நின்று, பெரும்பாலும் ஐடிலிங்கில்தான், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காத குறைந்த சுழற்சியில்தான் நகர்கிறது. ஸ்டேட்டரோ சுழற்சி குறையக் குறையக் குறைவாகவே மின்சாரம் தரும். ஆகவே கையேட்டு எண்ணை நம்பாமல், நீங்கள் வேலை செய்யும் வேகத்தில் அளந்து பார்க்க வேண்டும்.

மல்டிமீட்டரின் முனைகளைப் பேட்டரி முனைகளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடாமல் சில மணி நேரம் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, எல்லாச் சாதனங்களையும் போட்டு, ஐடிலிங்கில் ஐந்து நிமிடம் விடுங்கள். எண் 13.2க்கு மேல் நின்றால் கவலையில்லை; 12.8க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால், பேட்டரிதான் உங்கள் பம்பை ஓட்டுகிறது என்று பொருள். எங்கள் வண்டி ஐடிலிங்கில் 12.2 வோல்ட்டும், 3000 சுழற்சியில் 13.9 வோல்ட்டும் காட்டியது. கிளாம்ப் மீட்டரில் (வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) பார்த்தபோது ஐடிலிங்கில் 6 ஆம்பியர் பேட்டரியிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தது. விசிறி சுழலத் தொடங்கியதும் அது இரு மடங்குக்கும் மேலாகிவிட்டது.

கிளாம்ப் மீட்டர் வாங்குவோர் அது பேட்டரி தரும் டிசி மின்னோட்டத்தையும் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த பல மீட்டர்கள் ஏசியை மட்டுமே அளக்கும். வண்டியில் அவை பூஜ்யத்தைத்தான் காட்டும். எஸ்.பி. ரோட்டில் கடைக்காரரிடமே ஒரு பேட்டரியில் வைத்துக் காட்டச் சொல்லலாம். இந்த வேலைக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் வாங்குவேன்.

குறையைச் சரிசெய்ய நான் மூன்று காரியங்கள் செய்தேன். ஹாலஜன் முகப்பு விளக்குகளை எடுத்துவிட்டு தலா 15 வாட் எல்இடி விளக்குகள் போட்டதில் 80 வாட், அதாவது ஏறக்குறைய 6 ஆம்பியர் மிச்சமானது. வெளிச்சம் வந்த பிறகு பாரை அணைத்துவிடுகிறோம். பாத்திகளுக்குள் லோ கியரில் போகிறோம். அதே வேகத்துக்கு எஞ்சின் கூடுதலாகச் சுழல்வதால் ஊற்றும் கூடுகிறது.

மூன்றாம் படி: வயரும் பியூசும்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பியூஸ் இருப்பது பம்பைக் காப்பதற்காக அல்ல, வயர் தீப்பிடிக்காமல் காப்பதற்காக. அதனால் முதன்மை பியூஸ் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். நான் 4 சதுர மில்லிமீட்டர் வயரில் 20 ஆம்பியர் பியூஸ் வைத்து, அதை ஒரு சிறிய பியூஸ் பெட்டிக்குக் கொண்டுபோனேன். அதிலிருந்து பம்புக்கு 10 ஆம்பியர், பாருக்கு 7.5 ஆம்பியர்.

மெல்லிய வயர் போட ஆசைப்படாதீர்கள். பம்பு பின்பக்கம் மூன்று மீட்டர் தள்ளி இருந்தால், போகவர ஆறு மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 7 ஆம்பியர் ஓடும்போது முக்கால் வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக வழியிலேயே இழக்கிறோம், 2.5 சதுர மில்லிமீட்டரில் அந்த இழப்பு 0.3 வோல்ட்தான். நெகட்டிவ் வயரைப் பெயின்ட் பூசிய சேஸிஸில் திருகிவிடாமல், பேட்டரி வரைக்கும் கொண்டுவாருங்கள். வயர் முனையில் மாட்டும் லக்குகளைக் கட்டிங் பிளேயரால் நசுக்கினால் மூன்று மாதத்தில் தளர்ந்துவிடும். கிரிம்பிங் கருவி ஒன்று வாங்கி, மேலே சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். நல்ல லக்குகள் ஜே.சி. ரோட்டில் கிடைக்கின்றன. வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் மோட்டார்) வைத்திருப்போர் அதை இந்தப் பெட்டியில் இணைக்கவே கூடாது. பளு ஏறும்போது அது நூறு ஆம்பியரையும் தாண்டி இழுக்கும். அதற்குத் தனித் தடித்த வயரும், பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்சான காண்டாக்டரும் வேண்டும்.

நான்காம் படி: ரிலே

சாவியை எடுத்தவுடன் எல்லாம் அணைய வேண்டும் என்பதற்காகவே ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். 40 ஆம்பியர் ரிலேயில் 30 என்ற முனைக்கு முதன்மை பியூசிலிருந்து வரும் வயர், 87 என்ற முனையிலிருந்து பியூஸ் பெட்டிக்கு, 86க்கு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் பின்விளக்கு வயரிலிருந்து ஒரு கிளை, 85க்கு எர்த், அதாவது நெகட்டிவ். ஐந்து முனை ரிலேயின் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும். ரிலே ஓய்ந்திருக்கும்போது 30உடன் சேர்ந்திருப்பது அதுதான்; அதில் வயரைச் செருகிவிட்டால் சாவியை எடுத்த பிறகுதான் எல்லாம் உயிர்பெறும். நான்கு முனை ரிலேயையே கேட்டு வாங்குங்கள்.

பிற்சேர்க்கை

இதை வெளியிட்ட பிறகு வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: கிளாம்ப் மீட்டர் 5 ஆம்பியர் உள்ளே போவதாகக் காட்டுகிறது, ஆனாலும் பேட்டரி இறங்கிவிடுகிறது என்று. அவர் வண்டியின் கறுப்பு (நெகட்டிவ்) கேபிளை மட்டும் கிளாம்புக்குள் வைத்திருக்கிறார். நாம் சாதனங்களின் நெகட்டிவ் வயரைப் பேட்டரி முனையிலேயே தனியாக இணைத்திருப்பதால், அதில் ஓடும் மின்னோட்டம் அந்தக் கேபிள் வழியாகப் போவதில்லை. அந்த முனையில் சேரும் அத்தனை வயர்களையும் ஒன்றாகக் கிளாம்புக்குள் அடக்கினால்தான் உண்மையான வரவு செலவு தெரியும். அப்படி அளந்தபோது அவருக்கு வந்த விடை: நிகரமாக 7 ஆம்பியர் செலவு, அதாவது 5 ஆம்பியர் வரவுக்கு எதிராக 12 ஆம்பியர் செலவு.

செல்போன் சார்ஜரை நேராகப் பேட்டரியில் இணைத்திருக்கும் இன்னொருவருக்கும் ஒரு வார்த்தை. போன் செருகாவிட்டாலும் அதன் உட்சுற்று இரவு பகலாகச் சில மில்லிஆம்பியர் குடித்துக்கொண்டே இருக்கும். வாரக்கணக்கில் நிற்கும் தோட்டத்து வண்டிக்கு அது போதும். அதையும் ரிலேக்குப் பின்னால் உள்ள பெட்டிக்கு மாற்றிவிட்டு, மறுநாள் காலையில் சாவி போடுவதற்கு முன் பேட்டரியை அளந்து எழுதி வையுங்கள். எங்கள் வண்டி இப்போது 12.7 காட்டுகிறது.