பிரௌசரைத் திறப்பதற்கு முன்பே செய்யும் தவறு

போன வாரம் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், ஒரு கடைத் தளத்தின் விலைப்பட்டியலை எடுக்க ப்ளேரைட்டில் (பிரௌசரைக் கோடு மூலம் ஓட்டும் கருவி) எழுதிய கோடைக் காட்டினார். குரோம் திறக்கும், பக்கம் வரும், ஐந்து நொடி நிற்கும், அடுத்த பக்கத்துக்குப் போகும். மொத்தம் 800 பக்கம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்றார். சில வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் செலினியம் என்ற அதே வகைக் கருவியில் எழுதினேன். அதனால்தான், ஜாவாஸ்கிரிப்ட் வைத்து விவரங்களை ஏற்றும் தளங்களிலிருந்து தரவு எடுக்கும்போது நாம் செய்யும் தவறுகளைப் பற்றி எழுதுகிறேன். யூசர் ஏஜென்ட் (தளத்திடம் நம் நிரல் தன்னை யார் என்று சொல்லும் வரி), மறுமுயற்சி பற்றியெல்லாம் எல்லாருமே சொல்லிவிட்டார்கள், விட்டுவிடலாம்.

தரவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காதது

"எந்த டூல் லேசானது?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். பிரௌசரே வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை.

பக்கத்தில் இருக்கும் ஸ்கிரிப்ட் விலையைத் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. பெரும்பாலும் வேறொரு முகவரியிலிருந்து ஜேசனாக (நிரல்கள் தரவைப் பரிமாறும் எழுத்து வடிவம்) வாங்கி வந்து திரையில் அடுக்குகிறது, அவ்வளவுதான். பிரௌசரிலேயே இருக்கும் டெவ்டூல்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், ஃபெட்ச்/எக்ஸ்எச்ஆர் என்பதை மட்டும் வைத்துப் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். அந்த அழைப்பு கண்ணில் படும். அதை கர்ல் (டெர்மினலிலிருந்தே இணைய முகவரியை அழைக்கும் கருவி) கட்டளையாகக் காப்பி செய்து டெர்மினலில் ஒட்டுங்கள். தரவு வந்தால் பிரௌசருக்கு வேலையில்லை. அங்கே எதுவும் இல்லையென்றால் பக்கத்தின் மூலத்தைத் திறந்து ஒரு பொருளின் விலையைத் தேடுங்கள். நெக்ஸ்ட் ஜேஎஸ் என்ற இணையதளக் கட்டமைப்பில் கட்டிய தளங்களில் பல நேரம் முழுத் தரவும் ஒரு ஸ்கிரிப்ட் டேக்குக்குள்ளேயே கிடக்கும்.

இதைப் பார்க்காமல் விட்டதற்கு நான் கொடுத்த விலை கொஞ்சமில்லை. ஒரு வாடிக்கையாளருக்காக ஐந்து குரோமை ஒரே நேரத்தில் ஓட்டினேன். மெமரி நிரம்பி ப்ராசஸ் செத்தது. பெரிய சர்வர் வாங்கினேன், மூன்று மாதம் வாடகை கட்டினேன். ஒரு நாள் அந்தத் தளம் வடிவமைப்பை மாற்றியது. பக்கத்தில் விலை எங்கே இருக்கிறது என்று காட்டும் என் செலக்டர் எல்லாம் உடைந்தது. சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான் அந்த ஜேசன் அழைப்பைப் பார்த்தேன். ஒரு அழைப்புக்கு 100 பொருள். திரையில் காட்டாத இருப்பு எண்ணிக்கைகூட அதில் இருந்தது. பத்து நிமிடத்தில் முழுப் பட்டியலும் வந்துவிட்டது. பணம் போனதைவிட இன்னும் எரிச்சலாக இருப்பது வேறொன்று. அந்த மூன்று மாதமும் ஒவ்வொரு பக்கத்துக்கும் படம், எழுத்துரு என்று எல்லாவற்றையும் இழுத்து, அடுத்தவர் சர்வரைக் காரணமில்லாமல் வருத்தியிருக்கிறேன்.

தம்பியின் 800 பக்கமும் கடைசியில் சில டஜன் அழைப்புகளில் முடிந்தது. நடுவே இடைவெளி விட்டுத்தான் ஓட்டினோம்.

சில தளங்களில் அழைப்போடு அனுப்ப வேண்டிய டோக்கனை (அனுமதிச் சாவி) பக்கத்தின் ஸ்கிரிப்ட்தான் கணக்கிடும். சரி, அங்கே பிரௌசர் வேண்டும். அப்போதும் ஒருமுறை திறந்து குக்கியை எடுத்துக்கொண்டு, மீதியைச் சாதாரண அழைப்பாகவே செய்ய முடிகிறதா என்று பாருங்கள்.

நொடி எண்ணிக் காத்திருப்பது

ஐந்து நொடி என்பது உங்கள் இணைய வேகத்துக்குப் போட்ட கணக்கு. தளம் மெதுவான நாளில் வெற்று வரிசைகள் சத்தமில்லாமல் கோப்பில் ஏறிவிடும். வேண்டிய உறுப்பு தெரியும்வரை காத்திருங்கள். தெரியாவிட்டால் பிழை காட்டி நிற்கட்டும். நெட்வொர்க் அடங்கும்வரை காத்திருப்பதும் நம்பத்தக்கதல்ல. பின்னணியில் ஓயாமல் எதையாவது கேட்டுக்கொண்டிருக்கும் பக்கம் அடங்கவே அடங்காது.

ஜேஎஸ்டாமை பிரௌசர் என்று நினைப்பது

ஜேஎஸ்டாம், பிரௌசர் இல்லாமலே எச்டிஎம்எல்லைப் படித்துக் கொடுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். லேசானதுதான், ஆனால் பக்கத்தை அது வரைவதில்லை. எந்த உறுப்பு திரையில் பிடிக்கும் அகலத்தையும் உயரத்தையும் கேட்டாலும் பூஜ்யம்தான் வரும். ஸ்க்ரோல் செய்தால் ஏறும் பட்டியல் ஏறாது. பக்கத்தின் ஸ்கிரிப்டை ஓடவிடும் அமைப்புக்கு அதை எழுதியவர்களே 'டேஞ்சரஸ்லி' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத தளத்தின் ஸ்கிரிப்டை அதில் ஓட்டாதீர்கள்.

பாண்டம்ஜேஎஸ்

திரையில்லாமல் ஓடும் இந்தப் பழைய பிரௌசரின் மேம்பாட்டை 2018-லேயே நிறுத்திவிட்டார்கள். பழைய டுடோரியலை மூடுங்கள்.

டாக்கரில் குரோம் திடீரென்று சாவது

டாக்கர், நிரலைத் தனிப் பெட்டிபோல் ஓட்டும் கருவி. ப்ராசஸ்கள் தங்களுக்குள் பகிரும் மெமரி அங்கே இயல்பாக 64 எம்பி மட்டும். கூட்டிக் கொடுங்கள்.

பிரௌசரை மூடாதது

கோடில் கடைசியில் எப்போதும் ஓடும் ஃபைனலி பகுதியில் மூடுங்கள். பிழை வந்தாலும்.