காரைக்குடில பழைய ஆபீஸ் கட்டடத்த வீடுகளா பிரிக்கணுமா?

மொதல்ல கொத்தனார கூப்டாதீங்க, பங்காளிங்கள கூப்டுங்க. நம்ம பக்கம் ஒரு கட்டடத்துக்கு சென்னைல ஒருத்தர் மலேசியால ஒருத்தர்னு பங்கு இருக்கும், ஒரு கையெழுத்து கொறஞ்சாலும் வேல பாதில நிக்கும். அப்புறம் பிளான் அப்ரூவல்.

சுவர்தான் பெரிய விஷயம். அது சுண்ணாம்புச் சாந்துல கட்டுனது, ஈரத்த இழுக்கும், விடும், அதுமேல சிமெண்ட் பூசுனா ஈரம் உள்ளயே தங்கி ரெண்டு மழைக்குள்ள பொரிஞ்சு கொட்டும், விரிசல் இருந்தா சுண்ணாம்பாலயே அடைங்க. பாத்ரூம், கிச்சன் எல்லாம் ஒரே பக்கமா மேலயும் கீழயும் நேருக்கு நேரா வைங்க, பைப்பு வெளிச்சுவர்ல எறங்கட்டும். மெட்ராஸ் டெரஸ் தளத்துல, அதான் மர உத்தரத்து மேல செங்கலும் சுண்ணாம்பும் வச்சுப் போட்ட பழைய தளம், கண்ட எடத்துல ஓட்ட போட்டா ஒழுகும், பர்மா தேக்கு உத்தரமும் கெட்டுரும், அந்த மரம் இனிமே எங்க கெடைக்கும்?

முற்றத்த மூடி இன்னொரு ரூம் எடுக்கலாம்னு ஆச வரும். வேணாம், காத்தும் வெளிச்சமும் அதுல இருந்துதான் வருது.

மாடில தடுப்புக்கு செங்கல் வைக்காதீங்க, வெயிட்டு. ஜிப்சம் போர்டு போதும். வீட்டுக்கு ஒரு ஈபி மீட்டர்.

தரைல ஆத்தங்குடிக் கல்லு இருந்தா தயவுசெஞ்சு ஆசிட் ஊத்திராதீங்க, அது சிமெண்ட் கல்லு, நெறம் போயிரும். தண்ணி தொட்டு தொடச்சுட்டு அப்பப்ப தேங்காண்ணெய், நம்ம ஆச்சிமாரு அப்படித்தான் பளபளன்னு வச்சிருந்தாங்க.