தேவாலயக் கூரையில் அரபு எழுத்து: இடைக்காலக் கலையைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிசிலித் தீவின் பலேர்மோ நகர அரண்மனைக்குள் கப்பெல்லா பலத்தீனா என்ற சிறிய தேவாலயம் இருக்கிறது. அதற்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது. மரக்கூரை முழுக்கத் தேன்கூட்டு அறைகளைப் போல அடுக்கடுக்காக இறங்கும் முகர்ணாஸ் வேலைப்பாடு. அதன் ஓரங்களில் கூஃபி என்ற கோண வடிவ எழுத்தில் அரபு வாழ்த்துச் சொற்கள். இடையிடையே ஓவியங்களில் யாழ் மீட்டுகிறவர்கள், கோப்பை ஏந்தியவர்கள், சதுரங்கம் ஆடுகிறவர்கள். கீழே சுவர்களில் கிரேக்க மொசைக்கில் இயேசுவும் புனிதர்களும்.

"இது முன்பு மசூதியாக இருந்திருக்கும், பிறகு தேவாலயமாக மாற்றிவிட்டார்கள்" என்று இதைப் பார்த்துப் பலர் சொல்கிறார்கள். முதல் தவறு இதுதான். இதைத் தேவாலயமாகவே கட்டியவர் நார்மன் கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் ரோஜர். 1140-ல் இது அர்ப்பணிக்கப்பட்டது. வட பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து பலேர்மோவைக் கைப்பற்றியது 1072-ல். வென்ற பிறகும், இரண்டு தலைமுறை கழித்து, விருப்பத்தோடு கேட்டு வாங்கிய கூரை இது. ரோஜரின் குடிமக்கள் அரபு, கிரேக்கம், லத்தீன் என்று மூன்று மொழி பேசினார்கள். அரசர் என்றால் எப்படித் தோன்ற வேண்டும் என்பதற்குக் கெய்ரோவின் பாத்திமிய முஸ்லிம் அரசவையும் பைசாந்தியப் பேரரசின் (கிழக்கு ரோமானியக் கிறிஸ்தவப் பேரரசின்) தலைநகர் கான்ஸ்டாண்டினோபிளும் அவர் கண்முன் இருந்தன. அவருடைய சிவப்புப் பட்டு மேலங்கியின் விளிம்பிலும் அரபு எழுத்துதான். பலேர்மோ அரச பட்டறையில் நெய்தது என்ற செய்தியோடு ஹிஜ்ரி 528 (கி.பி. 1133-34) என்ற ஆண்டும் அதில் இருக்கிறது. பின்னாளில் புனித ரோமானியப் பேரரசர்கள் முடிசூடும்போது இதையே போர்த்திக்கொண்டார்கள்! இப்போது வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது.

இதற்கு நேர்மாறான குழப்பம் ஸ்பெயினின் செவில்லில் நடக்கிறது. அங்குள்ள கதீட்ரலின் ஹிரால்டா கோபுரத்தை 'இஸ்லாமியத் தாக்கம்' என்று எழுதுகிறார்கள். அதன் பெரும்பகுதி 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய அசல் மினார். மணிகள் தொங்கும் மாடம் மட்டும் 16-ஆம் நூற்றாண்டில் மேலே சேர்த்தது. இருந்த கட்டடத்தை எடுத்துப் பயன்படுத்துவது வேறு, அதன் கலையைக் கற்றுப் புதிதாகக் கட்டுவது வேறு. சில நிமிட நடை தூரத்தில் இருக்கும் அல்கசார் அரண்மனையில் முதலாம் பேத்ரோ கட்டிய பகுதிதான் இரண்டாவது வகை. 1364-ல் கிறிஸ்தவ மன்னர் கட்டிய அந்த முகப்பில், 'அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளர் இல்லை' என்ற கிரனாடா சுல்தான்களின் வாசகம் அழகாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது.

மொசராபே, முதேஹார் என்ற இரண்டு சொற்களையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். முஸ்லிம் ஆட்சியில் வாழ்ந்த கிறிஸ்தவர்கள் மொசராபேக்கள். ஊர் கிறிஸ்தவ ஆட்சிக்கு வந்த பிறகும் அங்கேயே தங்கிய முஸ்லிம்கள் முதேஹார்கள். அவர்களுடைய கைத்திறனால் எழுந்த பாணிக்கும் அதே பெயர். தெருவேல் நகரில் செங்கல்லும் பச்சை, வெள்ளை ஓடுகளும் பதித்து நிற்கும் தேவாலயக் கோபுரங்கள் இந்தப் பாணி.

அப்புறம், குதிரை லாட வடிவ வளைவைக் கண்டதும் 'அரபுப் பாணி' என்று முத்திரை குத்துவது. வட ஸ்பெயினின் சான் ஹுவான் தே பான்யோஸ் தேவாலயத்தில் அந்த வளைவு இருக்கிறது. அதை, முஸ்லிம்களுக்கு முன் ஸ்பெயினை ஆண்ட விசிகோத் இனத்தின் கிறிஸ்தவ மன்னர் ரெசெஸ்வின்ட் 661-ல் அர்ப்பணித்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. முஸ்லிம் படை ஸ்பெயினுக்கு வந்ததோ 711-ல். ஏற்கெனவே இருந்த வடிவத்தை ஸ்பெயினின் கோர்டோபா மசூதியின் கலைஞர்கள் எடுத்து மெருகேற்றினார்கள். பிறகு அந்த மெருகோடு அது மறுபடி தேவாலயங்களுக்குப் போனது. செல்வாக்கு ஒரே திசையில் ஓடவில்லை.

'சிலுவைப்போர் வீரர்கள் கூர்முனை வளைவைக் கொண்டுவந்தார்கள், அதிலிருந்து கோதிக் கட்டடப் பாணி பிறந்தது' என்ற கதையும் அப்படியே ஏற்கத் தக்கதல்ல. முதல் சிலுவைப்போருக்கு அழைப்பு வந்தது 1095-ல். பிரான்ஸில் கூர்முனை வளைவுகளோடு எழுந்த பெரிய க்ளூனி தேவாலயத்தின் வேலை 1088-லேயே தொடங்கிவிட்டது. கெய்ரோவின் இப்னு தூலூன் மசூதியில் 879-லேயே அந்த வளைவு வரிசை வரிசையாக நிற்பது உண்மை. இத்தாலி, ஸ்பெயின் வழியாக வடிவங்கள் பயணித்ததற்கும் நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் சிரியாவில், இஸ்லாத்துக்கு முன்பே, பைசாந்தியக் கட்டடங்களில் கூர்முனை வளைவு தென்படுகிறது. கொத்தனார்களுக்கு அது பிடித்துப்போனதற்கு எளிய காரணமும் இருக்கிறது: அரைவட்ட வளைவைவிடப் பக்கச் சுவர்களை அது குறைவாகவே தள்ளும். அகலம் மாறினாலும் வளைவின் உச்சிகளை ஒரே உயரத்தில் நிறுத்த முடியும்.

ஓவியங்களில் வரும் அரபு போன்ற எழுத்து தனி விஷயம். இத்தாலிய ஓவியர் ஜென்டிலே தா ஃபாப்ரியானோ 1423-ல் வரைந்த ஓவியத்தில் மரியாளின் ஒளிவட்டத்தில் அத்தகைய வடிவங்கள் உண்டு. இதில் ரகசியச் செய்தி இருப்பதாகத் தேட வேண்டாம். இந்த வகை அலங்காரம் பெரும்பாலும் வாசிக்க முடியாத போலி எழுத்து. கிழக்கிலிருந்து வந்த விலை உயர்ந்த பட்டுகளிலும் பித்தளைத் தட்டுகளிலும் பார்த்த அழகை அன்னைக்குச் சூட்டினார்கள்.

பெயர்ப்பலகையும் ஏமாற்றும். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் 'புனித லூயியின் ஞானஸ்நானத் தொட்டி' என்றொரு பித்தளைப் பாத்திரம் இருக்கிறது. எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்து, வெள்ளியும் தங்கமும் இழைத்த வேலை. பிரெஞ்சு அரச குழந்தைகளுக்கு அதில் ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. ஆனால் புனித லூயி என்ற பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி இறந்தது 1270-ல். பாத்திரமோ 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதைச் செய்த முஹம்மத் இப்னு அல்-ஜெய்ன் தன் பெயரை ஆறு இடங்களில் பொறித்திருக்கிறார். அங்கே போகிறவர்கள் அந்த ஆறையும் தேடிப் பாருங்கள்.