ஆதித் திருச்சபை யாருடையது? வாதத்தில் இறங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் யாராவது சபை மாறிவிட்டால், அடுத்து வரும் திருமண வீட்டிலோ துக்க வீட்டிலோ இந்தப் பேச்சு எழாமல் இருக்காது. "அப்போஸ்தலர் காலத்துச் சபை எங்களுடையதுதான்" என்பார் பெந்தெகொஸ்தே சபைக்குப் போன மைத்துனர். "பேதுரு தொடங்கி இன்று வரை அறுபடாத சங்கிலி எங்களிடம் இருக்கிறது" என்பார் கத்தோலிக்கரான மாமா. அப்படிப்பட்ட குடும்பத்தில் வளர்ந்த கத்தோலிக்கன் நான். இளமையில் அந்த வாதங்களில் குரல் உயர்த்தியவன். பிற்காலத்தில் முதல் மூன்று நூற்றாண்டுகளின் எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தபோது, நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்ட கற்களில் பாதி அந்தக் காலத்து மண்ணில் கிடைக்காதவை என்று தெரிந்தது. விசுவாசத்தைப் பற்றிய பேச்சு என்பதாலேயே இதில் தகவல் பிழை இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் கான்ஸ்டன்டைன் தலையில் கட்டுவது

அதிகம் கேட்கும் தவறு இதுதான்: நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கத்தோலிக்கச் சபையை உருவாக்கினார், ஆயர்களை நியமித்தார், ஓய்வுநாளை ஞாயிறாக மாற்றினார், நிசேயா சங்கத்தில், அதாவது ஆயர்களின் பேரவையில், எந்தெந்த நூல்கள் பைபிளில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

வரிசையாகப் பார்ப்போம். 313-இல் மிலான் உடன்பாட்டின் வழியாகக் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை கிடைத்தது, அவ்வளவுதான். கிறிஸ்தவத்தைப் பேரரசின் மதமாக்கிய ஆணை 380-இல், தியோடோசியஸ் காலத்தில் வந்தது. அப்போது கான்ஸ்டன்டைன் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் இயேசு கடவுளால் படைக்கப்பட்டவரே என்ற ஆரியுவின் போதனையைப் பற்றியும், உயிர்ப்புப் பெருவிழாவின் தேதியைப் பற்றியும் தீர்மானித்தார்கள். பைபிள் நூல்களின் பட்டியலை அந்தச் சங்கம் வகுக்கவில்லை. இன்று நம் கையில் இருக்கும் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அப்படியே பட்டியலிட்ட முதல் ஆவணமாக நமக்குக் கிடைப்பது, அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு 367-இல் எழுதிய பெருவிழா மடல்.

ஞாயிறு? 321-இல் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை அரசு விடுமுறையாக அறிவித்தது உண்மை. ஆனால் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே, 155-ஐ ஒட்டி, ஜஸ்டின் என்ற மறைசாட்சி பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று கூடுவதை விவரித்திருக்கிறார். அப்போஸ்தலர்களின் நினைவுக் குறிப்புகளும் இறைவாக்கினர் நூல்களும் வாசிக்கப்படுகின்றன. தலைமை தாங்குபவர் அறிவுரை சொல்கிறார். அப்பமும், தண்ணீர் கலந்த திராட்சை இரசமும் கொண்டுவரப்படுகின்றன. நன்றி மன்றாட்டுக்கு மக்கள் "ஆமென்" என்கிறார்கள். வர இயலாதவர்களின் வீட்டுக்குத் திருத்தொண்டர்கள் எடுத்துச் செல்கிறார்கள். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் போகிறது. முதல்முறை இதை வாசித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. நான் சிறுவயதிலிருந்து பார்த்துவந்த வழிபாட்டின் எலும்புக்கூடு அதில் இருந்தது.

கான்ஸ்டன்டைனுக்குப் பிறகு எதுவுமே மாறவில்லை என்று சொல்லிவிட முடியாது. அரசின் நிழல் சபையின்மேல் விழுந்தது, செல்வம் சேர்ந்தது, ஆயர் பதவி ஆசைக்குரியதாயிற்று. அந்த மாற்றத்தைக் கண்டித்துப் பேச நிறைய இடம் இருக்கிறது. ஆனால் மாறியது ஏற்கெனவே இருந்த ஒரு சபை.

"கத்தோலிக்க" என்ற சொல்லைப் பார்த்ததும் துள்ளுவது

இது எங்கள் பக்கத்துத் தவறு. அந்தியோக்கியாவின் ஆயர் இஞ்ஞாசியார் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிமிர்னா நகரச் சபைக்கு எழுதிய மடலில் "கத்தோலிக்கத் திருச்சபை" என்ற தொடர் வருகிறது. நமக்குக் கிடைத்தவற்றில் அதுவே முதல் பயன்பாடு. உடனே, "பார்த்தீர்களா, அப்போதே எங்கள் பெயர் இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறோம். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு முழுமையான, எங்கும் பரவிய, பொதுவான என்றுதான் பொருள். ஒரு பிரிவைச் சுட்டும் பெயர்ப்பலகையாக அது அன்று இருக்கவில்லை. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையும் தன்னை அந்தச் சொல்லாலேயே அறிக்கையிடுகிறது. தமிழிலேயே இதற்குச் சான்று இருக்கிறது: விசுவாச அறிக்கையில் கத்தோலிக்கர் "கத்தோலிக்க" என்று சொல்லும் இடத்தில் சீர்திருத்த சபைகள் "பொதுவான" என்று சொல்கின்றன. மூலத்தில் இரண்டும் ஒரே சொல்.

முதல் நாளிலேயே திருத்தந்தையைத் தேடுவது, அல்லது ரோமுக்கு இடமே இல்லை என்பது

இந்த இரண்டு தவறுகளும் இரட்டைப் பிள்ளைகள். இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

முதல் நூற்றாண்டின் இறுதியில், ஏறத்தாழ 96-இல், ரோமச் சபை கொரிந்துச் சபைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியது. அங்கே மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அது தவறு என்று கண்டிக்கும் கடிதம். அப்போஸ்தலர்கள் கண்காணிகளையும் திருத்தொண்டர்களையும் நியமித்தார்கள், அவர்களுக்குப் பின் மற்றவர்கள் அந்தப் பணியை ஏற்கவும் வழிசெய்தார்கள் என்று அது சொல்கிறது. பணிவழித் தொடர்ச்சி என்ற எண்ணம் எவ்வளவு பழமையானது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் கவனியுங்கள்: மரபு இதை ரோமின் ஆயர் கிளமெந்து எழுதியதாகச் சொன்னாலும், கடிதம் "ரோமில் தங்கியிருக்கும் கடவுளின் சபை" என்ற பெயரில்தான் பேசுகிறது. தனி ஒருவரின் அதிகாரக் குரல் அதில் இல்லை.

இஞ்ஞாசியார் ஆசியாவின் (இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த ரோம மாகாணம்) சபைகளுக்கு எழுதும்போது "ஆயர் இல்லாமல் எதையும் செய்யாதீர்கள்" என்று திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறார். அவரே ரோமுக்கு எழுதும் மடலில் அந்தச் சபையை வானளாவப் புகழ்கிறார். அதன் ஆயர் என்று யாரையும் குறிப்பிடவில்லை. தனி ஆயரின் தலைமை ரோமில் சற்றுத் தாமதமாகவே உறுதிப்பட்டது என்று இதிலிருந்து ஆய்வாளர் பலர், கத்தோலிக்க ஆய்வாளர்களும் உட்பட, முடிவு செய்கிறார்கள். ஏறத்தாழ 180-இல் லியோன் நகரத்து ஆயர் இரேனியு, லீனு தொடங்கி ரோமின் ஆயர்களை வரிசையாகப் பட்டியலிடுகிறார்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது உயிர்ப்புப் பெருவிழாத் தேதி பற்றிய சச்சரவு. ஆசியாவின் சபைகள் யூதப் பாஸ்காவின் நாளிலேயே, எந்தக் கிழமையானாலும், கொண்டாடின. ரோமில் ஞாயிறு. 155-ஐ ஒட்டி, சிமிர்னாவின் முதிய ஆயர் போலிக்கார்ப் ரோமுக்கே பயணம் செய்து அங்குள்ள ஆயர் அனிசேத்துவிடம் பேசினார். இருவரும் ஒருவரை ஒருவர் இணங்கவைக்க முடியவில்லை. ஆனாலும் அனிசேத்து தம் சபையில் நற்கருணையை நிறைவேற்றும் மரியாதையை விருந்தாளிக்கு விட்டுக்கொடுத்தார், சமாதானத்தோடு பிரிந்தார்கள். ஒரு தலைமுறை கழித்து, 190-ஐ ஒட்டி, ரோமின் ஆயர் விக்டர் அதே காரணத்துக்காக ஆசியாவின் சபைகள் முழுவதையும் உறவிலிருந்து விலக்க முற்பட்டார். எபேசுவின் ஆயர் பொலிக்கிராத்து பணிய மறுத்தார். இரேனியுவும் விக்டருக்கு எழுதி, அனிசேத்து காட்டிய பொறுமையை நினைவூட்டிக் கண்டித்தார்.

இந்த நிகழ்ச்சியில் கத்தோலிக்கர் விக்டரின் முயற்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம்: அப்படி ஒரு அதிகாரம் தமக்கு இருப்பதாக அவர் கருதினாரே! மற்றவர்கள் பொலிக்கிராத்துவின் மறுப்பை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்தால்தான் இரண்டாம் நூற்றாண்டு தெரியும். ரோமுக்கு மற்ற சபைகளுக்கு இல்லாத எடை இருந்தது. அந்த எடையின் எல்லை எது என்பதில் அன்றே உடன்பாடு இல்லை. திருத்தந்தையின் அதிகாரத்துக்கு 1870-இல் முதல் வத்திக்கான் சங்கம் வரையறுத்த வடிவத்தை அங்கே தேடினால் கிடைக்காது. அந்த வடிவம் விதைக்குள் இருந்ததா, பின்னால் ஒட்டப்பட்டதா என்பதே உண்மையான கருத்து வேறுபாடு. விதைக்குள் இருந்தது என்று நான் நம்புகிறேன். ஆனால் அது என் விசுவாசத்தின் முடிவு. ஆவணத்தைக் காட்டி அடுத்தவர் வாயை அடைக்கக் கூடியது அல்ல.

ஒரு வசனத்தின் இலக்கணத்தில் எல்லாவற்றையும் ஏற்றுவது

மத்தேயு 16:18, தம் சபையைக் கட்டுவேன் என்று இயேசு பேதுருவிடம் சொல்லும் வசனம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் "இந்தக் கல்லின்மேல்", திருவிவிலியத்தில் "இந்தப் பாறையின்மேல்". கிரேக்கத்தில் 'பெத்ரோஸ்' என்றால் சிறு கல், 'பெத்ரா' என்றால் பெரும்பாறை. ஆகவே பேதுரு அந்தப் பாறை ஆக முடியாது என்பார்கள். இயேசு பேசிய அரமேய மொழியில் இரண்டுக்கும் 'கேபா' என்ற ஒரே சொல்தான். பவுலின் கடிதங்களில் பேதுருவுக்குப் பெரும்பாலும் அந்தப் பெயரே நிற்கிறது. ஆண் ஒருவருக்குப் பெயராக வைக்கும்போது கிரேக்கத்தில் ஆண்பால் விகுதி வந்தது என்று கொள்வதே இயல்பு. அதற்காக எங்கள் பக்கம் வெற்றி முழக்கம் இடவும் வேண்டாம். பாறை பேதுருவா, பேதுரு அறிக்கையிட்ட கிறிஸ்துவா என்பதில் அகுஸ்தீனாரே தம் முதுமையில் இரண்டு விளக்கங்களையும் சொல்லி, வாசகரே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

சடங்கே இல்லாத வீட்டுச் சபையைக் கற்பனை செய்வது

ஆதிக் கிறிஸ்தவர்கள் வீடுகளில் கூடினார்கள் என்பது சரி. அதனால் சடங்கும் படமும் இல்லாத எளிய ஜெபக்கூட்டம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சிரியாவின் துரா-யூரோப்போஸ் நகரில் அகழ்ந்தெடுத்த, மூன்றாம் நூற்றாண்டின் வழிபாட்டு இல்லம் ஒரு வீட்டை மாற்றியமைத்ததுதான். அதில் திருமுழுக்குக்கென்று தனி அறையும் தொட்டியும் இருக்கின்றன. சுவர்களில் நல்ல ஆயரின் ஓவியமும் இயேசு முடக்குவாதக்காரரைக் குணமாக்கும் ஓவியமும் இருக்கின்றன. 'திதாக்கே' என்ற மிகப் பழைய சபை ஒழுங்கு நூல், ஓடும் நீரில் திருமுழுக்குக் கொடு, நீர் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்கிறது. முழுக்கா தெளிப்பா என்று சண்டையிடும் இருவரும் இந்த ஒரு வரியில் தங்கள் குரலைச் சற்றுத் தாழ்த்தலாம்.

அதே நேர்மை எங்களுக்கும் வேண்டும். மேற்கத்தியக் குருக்களுக்கு மணத்துறவைச் சட்டமாக இறுக்கிய தீர்மானங்கள் 12-ஆம் நூற்றாண்டின் இலாத்தரன் சங்கங்களுடையவை. பேதுருவுக்கு மாமியார் இருந்தார் என்று மாற்குவின் முதல் அதிகாரமே சொல்கிறது.

ரகசியமாகத் தொடர்ந்துவந்த "மெய்யான சபை" ஒன்று உண்டு என்ற வாதத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொந்தானியர், கத்தாரியர், வால்தேசியர் என்று ரோமை எதிர்த்த ஒவ்வொரு குழுவையும் கோத்து பாப்டிஸ்ட் சபையினர் சிலர் ஒரு சங்கிலி செய்வார்கள். உடலையும் உலகையும் தீய சக்தியின் படைப்பு என்று கருதிய கத்தாரியரை எந்த பாப்டிஸ்ட் சபையும் இன்று உறுப்பினராக ஏற்காது.

போட்டியில் இரண்டே பேர் என்று நினைப்பது

நம் ஊரில் கத்தோலிக்கம், சீர்திருத்தம் என்ற இரண்டே கட்சி. முதல் பெரும் பிளவுகளில் இந்த இரண்டும் எதிரெதிரே நிற்கவில்லை. 431-இல் எபேசு சங்கத்தின் விளைவாகப் பாரசீகத்தில் வேரூன்றிய கிழக்குத் திருச்சபை விலகி நின்றது. சீனாவின் சியான் நகரில் 781-இல் நாட்டிய கல்வெட்டு, அச்சபையார் 635-இல் அங்கே வந்து சேர்ந்ததைச் சொல்கிறது. 451-இல் கால்செதோன் சங்கத்துக்குப் பிறகு எகிப்தியரும் சிரியரும் ஆர்மேனியரும் எத்தியோப்பியரும் தனிவழி சென்றார்கள். ஆர்த்தடாக்ஸ் பிரிவுக்கு 1054 என்ற ஆண்டைச் சொல்கிறோம். அன்று கர்தினால் ஹம்பர்ட் விலக்கு ஓலையை ஹாகியா சோபியாவின் பீடத்தில் வைத்தபோது, அவரை அனுப்பிய திருத்தந்தை ஒன்பதாம் லியோ இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மக்கள் மனத்தில் பிளவை ஆறாத காயமாக்கியது 1204-இல் சிலுவைப்போர் வீரர்கள் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடியது. 1965-இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் முதுபெரும் தந்தை அத்தனாகோராவும் அந்தப் பழைய விலக்குகளை நினைவிலிருந்து நீக்கினார்கள்.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம், கேரளம் போதும். தோமா வழியில் வந்தவர்கள் என்று சொல்லும் ஒரே சமூகம், சுரியானி மொழியில் வழிபட்டு, பாரசீகத்திலிருந்து ஆயர்களைப் பெற்றுவந்தது. 1599-இல் உதயம்பேரூர் சங்கத்தில் போர்ச்சுக்கீசியர் அதை இலத்தீன் ஒழுங்குக்குள் இழுத்தார்கள். 1653-இல் மட்டாஞ்சேரியில் பெருந்திரளானோர் கூனன் சிலுவையின் முன் சத்தியம் செய்து மறுத்தார்கள். இன்று அவர்களின் வழித்தோன்றல்கள் சீரோ மலபார் கத்தோலிக்கராகவும், யாக்கோபியராகவும், ஆர்த்தடாக்ஸாகவும், மார்த்தோமா சபையினராகவும் இருக்கிறார்கள். எல்லாரும் மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டதாக மரபு சொல்லும் அதே அப்போஸ்தலரைத்தான் தந்தை என்கிறார்கள். அவர்களில் யாரிடம் போய் "நீங்கள் ஆதிச் சபை அல்ல" என்று சொல்வது?

ஆயர் பணி, நற்கருணை, திருமுழுக்கு ஆகியவற்றில் இரண்டாம் நூற்றாண்டோடு கண்ணுக்குத் தெரியும் தொடர்ச்சி கத்தோலிக்கத்திடமும் கிழக்கின் பழைய சபைகளிடமும் இருக்கிறது. இதை மறுப்பது கடினம். அவற்றில் ஒன்றே ஒன்றுதான் முழு வாரிசு என்ற தீர்ப்பை வரலாற்றிடம் கேட்க முடியாது. ஆகவே அடுத்த முறை பேச்சு தொடங்கும்போது "ஆதிச் சபை எது?" என்று கேட்காமல், "எந்த நூற்றாண்டில், எந்த நகரத்தில், எந்த வழக்கம்?" என்று கேளுங்கள். அதற்கு முன்னால் திதாக்கே, இஞ்ஞாசியாரின் ஏழு மடல்கள், ஜஸ்டினின் விண்ணப்பத்தின் கடைசிப் பகுதி இம்மூன்றையும், சபை மாறிய உறவினரையும் உடன் உட்காரவைத்து, வாய்விட்டு வாசியுங்கள். மூன்றுக்கும் சில மாலைப்பொழுதுகள் போதும்.