ஸ்கங்க் வளர்க்க ஆசையா? பலரும் செய்யும் தவறுகள் இவை

கறுப்பு உடம்பு, முதுகில் இரண்டு வெள்ளைக் கோடு, புசுபுசுவென்று ஒரு பெரிய வால். ஸ்கங்க் குட்டியின் வீடியோவைப் பார்த்துவிட்டு "இதை வீட்டில் வளர்க்கலாமா?" என்று கேட்பவர்கள் நிறைய. வட அமெரிக்காவைச் சேர்ந்த இந்த விலங்கை வளர்க்கச் சில இடங்களில் சட்டமே அனுமதிக்கிறது, வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் ஒரே மாதிரியான தவறுகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், அதன் பலனைக் கடைசியில் அனுபவிப்பது அந்த வாயில்லா ஜீவன்தான்.

நாற்றம் மட்டும்தான் பிரச்சினை என்று நினைப்பதில் எல்லாம் தொடங்குகிறது. ஸ்கங்கின் ஆசனவாய்க்கு இரு பக்கமும் இரண்டு சுரப்பிகள் உண்டு. அதிலிருக்கும் கந்தகச் சேர்மங்கள் நிறைந்த திரவத்தை மூன்று மீட்டர் தூரத்துக்குக் குறிபார்த்துப் பீய்ச்சும். அமெரிக்காவில் பண்ணையில் பிறக்கும் குட்டிகளுக்குச் சில வார வயதிலேயே அறுவை செய்து அந்தச் சுரப்பிகளை எடுத்துவிட்டு விற்கிறார்கள். இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்துக்குப் பிறகு, மருத்துவக் காரணம் இல்லாமல் இப்படிச் செய்ய முடியாது. சுரப்பியை எடுத்துவிட்டால் பூனை மாதிரி ஆகிவிடும் என்று நம்பி வாங்குகிறார்கள். போவது அந்தத் திரவம் மட்டும்தான். பயம், கோபம், பல், நகம் எல்லாம் அப்படியே இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஸ்கங்க் எடுத்த எடுப்பில் பீய்ச்சிவிடாது, கையிருப்பு தீர்ந்தால் மறுபடி ஊற நாளாகும் என்பதால் முதலில் எச்சரிக்கும். முன்னங்கால் இரண்டையும் தரையில் தொம் தொம்மென்று தட்டும், சீறும், இரண்டு எட்டு முன்னால் பாய்ந்து வந்து பின்னாலேயே இழுத்துக்கொள்ளும், வாலை விறைப்பாகத் தூக்கும். சுரப்பி எடுத்த ஸ்கங்கும் வீட்டுக்குள் இதையே செய்யும். அதை ஏதோ நடனம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இன்னும் கிட்டே போகிறார்கள். "விலகிப் போ" என்று அது சொல்லிவிட்டது, நீங்கள் போகவில்லை, இனி அதற்கு மிச்சம் இருப்பது கடி மட்டும்தான்.

சரி, கடித்தால் என்ன ஆகும்? வாங்குவதற்கு முன் பெரும்பாலானவர்கள் யோசிக்காத விஷயம் இது, எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான். அமெரிக்காவில் ரேபிஸ் வைரஸைச் சுமந்து பரப்பும் முக்கியமான காட்டு விலங்குகளில் ஸ்கங்கும் ஒன்று, வௌவால், ரக்கூன், நரி ஆகியவை மற்றவை. நாய், பூனை, ஃபெரெட் (கீரி போன்ற ஒரு சிறு வளர்ப்பு விலங்கு) போன்றவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட ரேபிஸ் தடுப்பூசி அங்கே இருக்கிறது, ஸ்கங்குக்கு இல்லை. சில மருத்துவர்கள் ஃபெரெட்டுக்கான ஊசியைப் போட்டு விடுவார்கள், ஆனால் சுகாதாரத் துறையைப் பொறுத்தவரை அது போட்டதாகவே கணக்கில் வராது. ஆரோக்கியமாகத் தெரியும் நாய் ஒருவரைக் கடித்தால் அதைப் பத்து நாள் தனியாக வைத்துக் கவனித்தால் போதும். ஸ்கங்கின் உடம்பில் நோய் வெளியே தெரிவதற்கு எத்தனை நாள் முன்பிருந்து எச்சிலில் வைரஸ் வரும் என்பதற்கு நம்பகமான கணக்கு கிடையாது, அதனால் கவனித்துப் பார்ப்பது என்ற வழியே இல்லை. கொன்று, மூளைத் திசுவை எடுத்துப் பரிசோதிப்பார்கள். உயிரோடு வைத்துச் செய்யும் பரிசோதனை இல்லை. விருந்தாளியின் குழந்தை வாலைப் பிடித்து இழுத்திருக்கும், அது பயந்து விரலில் ஒரு கடி கடித்திருக்கும், தையல்கூடத் தேவைப்படாத காயமாக இருக்கும். புகார் போனால் அந்த ஸ்கங்கின் கதை அதோடு முடிந்துவிடலாம். பண்ணையில் பிறந்தது, வீட்டை விட்டே வெளியே போனதில்லை என்று நீங்கள் எவ்வளவு மன்றாடினாலும் எடுபடும் என்று சொல்ல முடியாது. அதனால் ஸ்கங்க் இருக்கும் வீட்டில், வருபவர்கள் கையில் அதைக் கொடுக்கவே கூடாது.

சட்டத்தை அரைகுறையாகப் பார்ப்பது இன்னொரு தவறு. அமெரிக்காவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாநிலங்கள்தான் ஸ்கங்க் வளர்க்க அனுமதிக்கின்றன, அங்கேயும் உரிமம், பண்ணையில் பிறந்ததற்கான ரசீது என்று நிபந்தனைகள் உண்டு. மாநிலம் அனுமதித்தாலும் ஊர் தடுக்கலாம், வாடகை ஒப்பந்தமும் தடுக்கலாம். அப்புறம் வேலை மாறி வேறு மாநிலத்துக்குப் போக நேர்ந்தால், அங்கே தடை இருந்தால், இதைக் கூடவே கொண்டுபோவது குற்றம். பத்து வருடம் வரை வாழக்கூடிய ஒரு விலங்கை வாங்கும்போது இதையெல்லாம் முன்கூட்டியே பார்த்தாக வேண்டும்.

காட்டிலிருந்தோ தோட்டத்து மூலையிலிருந்தோ குட்டியைத் தூக்கி வருவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். குட்டிகள் தாயின் பின்னால் வரிசையாகப் போகும், ஒன்றிரண்டு பின்தங்கும், தாய் திரும்பி வரும். அனாதை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையிலேயே தாய் செத்துப்போயிருந்தால்கூடக் கையால் தொடாமல் உரிமம் பெற்ற வனவிலங்கு மீட்பாளரைக் கூப்பிடுவதுதான் முறை. தாயிடமிருந்து ரேபிஸ் தொற்றிய குட்டி பல வாரங்கள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம், அதற்குள் வீட்டில் எல்லோரும் அதை மடியில் வைத்துக் கொஞ்சி முடித்திருப்பார்கள்.

வீட்டுக்குள் அது எப்படி இருக்கும் என்பதையும் பலர் தவறாகவே கணிக்கிறார்கள். ஸ்கங்க் தோண்டிப் பிழைக்கும் விலங்கு. முன்னங்கால் நகங்கள் நீளமானவை, மண்ணுக்குள் இருக்கும் புழுவை மோப்பம் பிடித்துக் கிளறி எடுக்க உண்டானவை. மண் இல்லாத வீட்டில் அந்த நகம் தரைவிரிப்பின் ஓரத்தைக் கிழிக்கும், சோபாவின் அடித்துணியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும், அலமாரிக் கதவின் கீழ் மூலையில் கொக்கி போல மாட்டித் திறந்துவிடும். துண்டு, போர்வை கிடைத்தால் பின்பக்கமாக நடந்தே தன் மறைவிடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். இதற்காக அதட்டுவதிலும் அடிப்பதிலும் பயனே இல்லை, பயம்தான் கூடும். கதவுகளுக்குப் பூட்டு போடுங்கள், தோண்டுவதற்கென்று மண் நிரப்பிய பெட்டி ஒன்றை வைத்துக் கொடுங்கள். அந்தி சாய்ந்த பிறகுதான் அது சுறுசுறுப்பாக அலையும், குளிர்காலத்தில் பெரும்பாலும் சுருண்டு தூங்கும், விளையாட வேண்டும் என்று அந்த நேரத்தில் இழுத்து எழுப்பினால் எரிச்சலில் கடிக்கத்தான் செய்யும்.

சாப்பாட்டில் செய்யும் தவறு மெதுவாகக் கொல்லும். காட்டில் அது பூச்சி, புழு, எலி, முட்டை, பழம் என்று இரவெல்லாம் அலைந்து தேடித் தின்னும். வீட்டில் அலைச்சல் இல்லை, ஆனால் பசி அதே பசிதான், எவ்வளவு வைத்தாலும் வேண்டும் என்று நிற்கும். பூனைத் தீனியைக் கிண்ணம் நிறையக் கொட்டி வைத்தால், சில மாதங்களில் வயிறு தரையில் உரசும் அளவுக்குக் கொழுத்துவிடும், கல்லீரலும் மூட்டும் கெடும். கால்சியம் போதாமல் எலும்பு வலுவிழப்பதும் வளர்ப்பு ஸ்கங்குகளில் அடிக்கடி பார்க்கிற நோய்தான். காய்கறி, கொழுப்பில்லாத இறைச்சி, முட்டை, பூச்சிகள் என்று கலந்து, அளந்து வைக்க வேண்டும். சாக்லேட், வெங்காயம், இனிப்பு வேண்டவே வேண்டாம்.

மருத்துவரை விலங்கு வருவதற்கு முன்பே தேடி வையுங்கள். சாதாரண நாய், பூனை மருத்துவர்களில் பலர் ஸ்கங்கைத் தொட மாட்டார்கள். குடற்புழு நீக்கம் கட்டாயம், ஏனென்றால் ஸ்கங்கின் குடலில் வாழும் ஒரு வகை உருண்டைப் புழுவின் முட்டைகள் அதன் மலம் வழியாக வெளியேறி மற்ற விலங்குகளுக்கும் ஆபத்தாகலாம். கருத்தடை செய்யாத ஆண் ஸ்கங்க் இனப்பெருக்கக் காலத்தில் நேற்றுவரை தோளில் ஏறி விளையாடிய ஆளையே கடித்துக் குதறும், அதனால் கருத்தடையையும் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்கங்க் வேண்டாம், வேறு ஏதாவது பார்க்கலாம் என்று போகிறவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். ரக்கூனின் குடற்புழு மனித மூளை வரை போய்த் தாக்கக்கூடியது. மக்காக் வகைக் குரங்குகள் பலவற்றின் உடம்பில் ஹெர்பிஸ் பி வைரஸ் இருக்கும். குரங்குக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, மனிதனுக்கு வந்து உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் பெரும்பாலும் உயிரையே எடுத்துவிடும். தேவாங்கு இனத்தைச் சேர்ந்த ஸ்லோ லோரிஸ் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் வீடியோவை எத்தனையோ பேர் ரசித்துப் பகிர்ந்திருக்கிறார்கள், அது தன் கைமடிப்பில் இருக்கும் விஷச் சுரப்பியைப் பயன்படுத்தத் தயாராகும் நிலை. 2003இல் அமெரிக்காவில் ஆறு மாநிலங்களில் 47 பேருக்குக் குரங்கம்மை வந்தது, செல்லப்பிராணியாக விற்கப்பட்ட ப்ரெய்ரி நாய்களிடமிருந்து (பெயரில்தான் நாய், உண்மையில் அணில் இனக் கொறிணி). அவற்றை ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியான கொறிணிகளோடு சேர்த்து அடைத்து வைத்திருந்ததுதான் காரணம்.

வளர்த்துப் பார்த்து முடியாமல் போனால் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். சுரப்பி இல்லாத ஸ்கங்குக்குத் தன்னைக் காத்துக்கொள்ள எதுவும் இல்லை, இரை தேடவும் தெரியாது, மனிதரைக் கண்டால் சாப்பாடு கிடைக்கும் என்று நேராக நடந்து வரும், வரும் ஸ்கங்குக்கு ரேபிஸ் என்று பயந்து அடித்துக் கொல்வார்கள். பல இடங்களில் அப்படி விடுவது சட்டப்படி குற்றமும்கூட. உங்கள் மாநிலத்தில் உரிமம் பெற்ற ஸ்கங்க் மீட்பு அமைப்பு இருந்தால் முதலில் அங்கே பேசுங்கள், வாங்கிய பண்ணையிடம் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், முடிந்தால் வாங்கும்போதே அதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.